நோரிஸின் பஞ்சர் டப்பா

எங்கள் ஊரில் யாரைப் பார்த்து "எப்படி இருக்கே?" என்று கேட்டாலும் "குறை சொல்றதுக்கில்ல" என்றுதான் பதில் வரும். கால் உடைந்திருந்தாலும் அதே பதில், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தாலும் அதே பதில். யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. ஆனாலும் இதில் நோரிஸ் ஏக்ராய்டை மிஞ்ச ஆள் கிடையாது. வீடு வீடாகப் போய் வெந்நீர் பாய்லர் மாட்டுவது அவன் தொழில். ஒருமுறை ஒரு வீட்டு மாடிப்படியில் பாய்லர் நழுவி அவன் பாதத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த வீட்டம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். இவன் நிதானமாக, "தரைக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க" என்றானாம். இரண்டு விரல் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது. அன்று மாலை கிளப் கூட்டத்துக்கு நொண்டிக்கொண்டே வந்து, கடைசி வரைக்கும் நின்றுகொண்டே இருந்தான். நாற்காலி கொண்டுவந்து போட்டால் கோபம் வந்துவிடும்.

என் பெயர் மார்ஜரி. ஊர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பஸ் ஓட்டினவளுக்கு வாய் நீளம் என்று கிளப்பில் எனக்குப் பெயர். நீளமாகத்தான் இருக்கட்டும், நோரிஸுக்கும் சேர்த்து யாராவது பேச வேண்டுமில்லையா? எங்கள் சைக்கிள் கிளப்பில் நானும் அவனும் பள்ளிக்கூட வயதிலேயே சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மழையோ பனியோ, காலையில் மணிக்கூண்டடியில் கூடுவோம், மேட்டு நிலத்தைத் தாண்டி ஏதாவது ஒரு டீக்கடைக்குப் போவோம், ரொட்டியின் மேல் பீன்ஸ் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். நோரிஸ்தான் எப்போதும் முன்னால் போவான். முன்னால் போகிறவனுக்கு ஒரு கடமை உண்டு. ரோட்டில் குழி வந்தால் கையை நீட்டிக் காட்ட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். "குழி!" என்று அவன் போடும் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

மற்றபடி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவன் மனைவி தெல்மா நேர் எதிர். டாஃபி மிட்டாய்த் தொழிற்சாலையில் கூட உட்கார்ந்து மிட்டாய்க்குத் தாள் சுற்றுபவர்களுக்குக் கதை சொல்லிச் சொல்லியே வேலை பார்த்தவள். அவள் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "இந்த மனுஷன் கல்யாணத்துக்குக் கேட்டப்பவே, 'உனக்கு வேற வேலை இல்லன்னா பண்ணிக்கலாமா'ன்னுதான் கேட்டான் மார்ஜ். நானும் வேற வேலை இல்லாம சரின்னுட்டேன்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. அவனுக்கும் உண்டு. ஆனால் அதை அவள் யூகித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏப்ரல் மாதம் ஸ்பானிஷ் பேசும் மயோர்கா தீவுக்குப் போவது எங்கள் கிளப்பில் கிறிஸ்துமஸ் மாதிரி. இங்கே காது மடல் விறைத்துக் கிடக்கும்போது அங்கே அரைக்கால் சட்டையோடு மலை ஏறலாம். பயண ஏற்பாடெல்லாம் நான்தான். நான் போட்ட ஒரே சட்டம், இன்சூரன்ஸ் இல்லாதவனுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் கூட்டத்தைப் பார்த்தால் மலையைப் பற்றியும் கியரைப் பற்றியும்தான் பேசுவார்கள் என்று நினைப்பீர்கள். கிடையவே கிடையாது. பிப்ரவரி வந்துவிட்டால் டீக்கடையில் பேச்செல்லாம் பாலிசிதான். எந்தப் பாலிசியில் ஹெல்மெட் போடாவிட்டால் பணம் வராது, எதில் போட்டி ஓட்டினால் செல்லாது, எதில் ஆளுக்கு மட்டும் தருவான், சைக்கிளுக்குத் தரமாட்டான் என்று ஒவ்வொருவனும் வக்கீல் மாதிரி வாதாடுவான். கீத் என்று ஒருத்தன் இருக்கிறான், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வரிசையில் கடைசியாக வருவான், வாதத்தில் முதலில் வருவான். பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படித்துவிட்டு வந்து எங்கள் பீன்ஸ் ஆறிப்போகும் வரைக்கும் விளக்குவான்.

அந்த வருஷம் நான் நோரிஸைப் பிடித்தேன்.

"இன்சூரன்ஸ் எடுத்தியாய்யா?"

"எடுத்தாச்சு."

"கம்ப்யூட்டர்ல கேக்கற கேள்விக்கெல்லாம் ஒழுங்கா பதில் போட்டியா? உடம்புக்கு என்ன, என்ன மாத்திரை சாப்பிடறேன்னு கேப்பானே, அதுக்கு?"

"சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமில்ல."

"அவனுக்கென்ன மார்ஜ், அவன் உடம்பும் அவன் சைக்கிள் மாதிரி, இரும்பு" என்றான் கீத். நோரிஸ் டீயை உறிஞ்சினான். நான் பாலிசி எண்ணை மட்டும் வாங்கிக் குறித்துக்கொண்டேன்.

தீவில் நல்ல வெயில். மலைமேல் இருக்கும் மடாலயத்திலிருந்து பொயென்சா ஊர்ப் பக்கம் இறங்கும் ரோட்டில் நோரிஸ் முன்னால், நான் பின்னால், கீத் எனக்குப் பின்னால். மற்றவர்கள் முன்பே இறங்கிக் காப்பிக் கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு வளைவில் மரநிழல் ரோட்டை மூடியிருந்தது. நிழலுக்குள் ஒரு குழி. நோரிஸ் வழக்கம்போல் கையை எடுத்து நீட்டி "குழி!" என்று கத்தினான். அதை ஒட்டினாற்போல் இன்னொரு குழி இருந்ததை அவன் பார்க்கவில்லை. ஒற்றைக் கையால் பிடித்திருந்த ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை அவன் இடது விலாவுக்குக் கீழே குத்த, அதன் மேலேயே விழுந்தான். எங்களுக்காகக் கையை எடுக்காமல் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டான்.

நான் பிரேக் போட்டு இறங்குவதற்குள் அவன் எழுந்து ஓரத்துக் கல்சுவரில் உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டில் விரிசல்.

"நீங்க ரெண்டு பேரும் சரியா இருக்கீங்களா?" என்று எங்களைக் கேட்டான்.

"எங்களுக்கென்னய்யா! உனக்கு எங்க அடி?"

"தோள்பட்டைல லேசா. இடது பக்கம்."

முகத்தைப் பார்த்தேன். பிசைந்த மாவு மாதிரி இருந்தது, நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவன் சைக்கிள் சட்டத்தில் இன்சூரன்ஸ்காரர்களின் அவசர எண்ணை ஒட்டியிருந்தோம், எல்லார் சைக்கிளிலும் ஒட்டுவது என் உத்தரவு. கூப்பிட்டேன். எடுத்தவள் ஒரு நர்ஸ், பிரான்வென் என்று பெயர் சொன்னாள், பேச்சிலேயே வேல்ஸ்காரி என்று தெரிந்தது. இந்த அழைப்பு பதிவாகிறது என்றாள். நோரிஸின் பெயரும் எண்ணும் சொன்னதும் அவனிடமே கொடுக்கச் சொன்னாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"வலி எப்படி இருக்கு சார்? பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?"

"ரெண்டு." கொஞ்சம் யோசித்தான். "மூணுன்னு வேணா வச்சுக்கோங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணாவது மண்ணாங்கட்டியாவது! ஆளு வெளுத்துப் போய் உக்காந்திருக்கான்மா, மூச்சை இழுத்து விட முடியல!"

"எந்த ஊர்க்காரர் நீங்க?" என்றாள் பிரான்வென் அவனிடம்.

"யார்க்ஷயர்."

"அப்ப மூணுன்னா ஒன்பதுன்னு எழுதிக்கறேன். எங்க அப்பாவும் இந்த ரகம்தான். ஆம்புலன்ஸ் வருது, படுத்துக்கோங்க, எழுந்திரிக்காதீங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா, டாக்டர் எழுதிக்கொடுத்தது?"

நோரிஸ் என்னைப் பார்த்தான். பிறகு ரோட்டைப் பார்த்தான்.

"சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமில்ல."

ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஆள் ஏற்ற மாட்டோம் என்று சைகை காட்டினார்கள். படுக்கையில் வைத்து ஏற்றும்போது நோரிஸ் கீத்தின் கையைப் பிடித்து, "முன் டயர்ல காத்துப் போயிடுச்சு. ஒட்ட வேணாம். ஹோட்டல் வேனை வரச்சொல்லி அப்படியே தூக்கிப் போட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான். அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. அடிபட்டதில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பஞ்சரான சைக்கிளை வேனில் ஏற்றுவதா? எங்கள் கிளப்பில் அதைவிட மானக்கேடு கிடையாது.

ஹோட்டல் வேன் வேறு எங்கோ போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். சும்மா நிற்பதற்கு ஒட்டிவிடலாம் என்று நோரிஸின் சீட்டுக்கு அடியிலிருந்த பையைத் திறந்தேன். அவன் பஞ்சர் டப்பா உள்ளே இருந்தது, பழைய புகையிலைத் தகர டப்பா. இத்தனை வருஷத்தில் எங்களுக்கெல்லாம் எத்தனையோ பஞ்சர் ஒட்டிக் கொடுத்திருக்கிறான், ஆனால் டப்பாவை யார் கையிலும் தந்ததில்லை. மூடியைத் திறந்தேன். மேலே உப்புத்தாள், பசை, ரப்பர் துண்டுகள். அவற்றுக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி.

எனக்கு அந்தப் பெயர் மனப்பாடம். என் வீட்டுக்காரன் ஸ்டானுக்கு நாடித்துடிப்பு தப்பித் துடிக்கிறது என்று அதே மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ரத்தம் உறைந்து மூளைக்கோ எங்கேயோ போய் அடைக்காமல் இருப்பதற்கு. நல்ல மாத்திரைதான். ஆனால் அதைச் சாப்பிடுகிறவனுக்கு எங்காவது ரத்தம் கசிய ஆரம்பித்தால் சுலபத்தில் நிற்காது. ஸ்டான் சவரம் செய்யும்போது கீறிக்கொண்டாலே துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருப்பான். இங்கே ஒருத்தன் வயிற்றில் ஹேண்டில்பார் குத்தி, மாத்திரையே சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். 

"கீத், இதைப் பாரு."

கீத்துக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. நான் போனை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இரு, இரு. யாரைக் கூப்பிடப் போறே?"

"அந்த நர்ஸைத்தான்."

"அது இன்சூரன்ஸ்காரன் லைன் மார்ஜ்! எல்லாம் பதிவாகும். இவன் மாத்திரையை மறைச்சுத்தான் பாலிசி எடுத்திருக்கான், அது தெரிஞ்சா போச்சு, மொத்தமா செல்லாதுன்னுடுவான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நம்ம அரசாங்கம் கொடுத்த வைத்திய அட்டை இருக்கு, சரி. ஆனா அவனை வீட்டுக்கு யாரு கொண்டுபோறது? படுக்கையோட, டாக்டரோட விமானத்துல கொண்டுபோற செலவு தெரியுமா உனக்கு? நேரா ஆஸ்பத்திரிக்கே போன் பண்ணு."

சொன்னதில் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். ஒரு இயந்திரம் ஸ்பானிஷில் பேசியது, பிறகு பாட்டு, பிறகு மறுபடி இயந்திரம். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். கீத் வாங்கிப் பேசினான். அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் காப்பி கேட்பதற்கும் பீர் கேட்பதற்கும்தான் உதவும். "நோரிஸ், நோரிஸ்" என்று கத்தினான். அவள் பொறுமையாக எதையோ கேட்டாள், பிறகு மறுபடி பாட்டுப் போட்டுவிட்டாள். 

"டாக்ஸி பிடிச்சுப் போயிடுவோம்" என்றான் கீத்.

"போய்ச் சேரறதுக்குள்ள?"

 அவன் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தான். நான் பிரான்வெனைக் கூப்பிட்டேன். அவளே கிடைத்தாள், அது ஒன்றுதான் அன்றைய அதிர்ஷ்டம். டப்பாவில் இருந்ததைச் சொன்னேன், அட்டையில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். 

"மார்ஜரி அம்மா, நீங்க சொல்றது பதிவாகுது. இதை நான் பாலிசி பாக்கறவங்களுக்கும் அனுப்பியே ஆகணும். அது உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதும்மா. நீ முதல்ல அந்த டாக்டருக்குச் சொல்லு."

"லைன்லயே இருங்க. எங்க டாக்டரே அங்க சர்ஜன்கிட்டப் பேசுவாரு, ஸ்பானிஷ் தெரிஞ்சவரு."

அதற்குப் பிறகு நடந்ததை மறுநாள்தான் முழுதாகத் தெரிந்துகொண்டோம். நோரிஸுக்கு மண்ணீரல் கிழிந்திருந்தது. மண்ணீரலில் அடிபட்டால் இடது தோளில் வலிக்குமாம். ஸ்கேனில் சின்னக் கிழிசலாகத் தெரிந்ததால், தானாக ஆறுகிறதா என்று பார்ப்போம் என்று படுக்க வைத்திருந்தார்கள். மாத்திரை இல்லாதவனுக்கு அதுதான் சரியான வைத்தியம். எங்கள் போன் போனதும் மாத்திரையின் வேலையை முறிக்கும் மருந்து ஏற்றி, நேராக ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வயிற்றைத் திறந்தபோது உள்ளே ரத்தம் குளம் கட்டியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான் என்று சர்ஜன் சொன்னார்.

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோது தெல்மாவுக்குப் போன் செய்தேன். விழுந்ததைச் சொன்னேன், ஆபரேஷன் நடப்பதைச் சொன்னேன். அவள் அழவில்லை, ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி" என்றாள். நான் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன்.

"எந்த மாத்திரை?" என்றாள் தெல்மா.

 அவளுக்குத் தெரியும், இன்சூரன்ஸ்காரனிடம் மட்டும் மறைத்துவிட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மென்று முழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.  பிறகு, "நாளைக்கு முதல் விமானத்துல வரேன்" என்று வைத்துவிட்டாள்.

நோரிஸ் கண் விழித்த பிறகு நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய், கையில் குழாய். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"சொல்லிட்டியாமே."

"சொல்லிட்டேன்."

"ம்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நன்றி சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்றும் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து கழிப்பறைக்குள் போய் நன்றாக அழுதேன். செய்தது சரிதான் என்று தெரிந்தாலும் வலிக்கத்தானே செய்யும்.

தெல்மா வந்தாள். அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள், முகம் துடைத்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓயாமல் பேசுகிறவள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள், நானும் கீத்தும் மட்டும் தங்கினோம். புண் ஆறிக்கொண்டு வந்தது, ஆனால் அவன் இதயம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஓடுவதும் தடுமாறுவதுமாக இருந்தது. மாதக்கணக்கில் இங்கேயே தங்க முடியாதென்றால் படுக்கையோடும் டாக்டரோடும் ஆக்சிஜனோடும்தான் கொண்டுபோக வேண்டும், சாதாரண விமானத்தில் உட்கார்த்தி அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கீத் பயந்தது அப்படியே நடந்தது. செலவை ஏற்பதா வேண்டாமா என்று இன்சூரன்ஸ்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நோரிஸிடமே சில கேள்விகள் கேட்க வேண்டும், நாளைக்குப் போன் வரும் என்று தகவல் வந்தது.

மறுநாள் காலையில் கீத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்குப் பாடம் நடத்தினான்.

"கவனமா கேளு நோரிஸ். மறந்துட்டேன்னு சொன்னா அது கவனக்குறைவு. கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தையாவது தருவான். வேணும்னே மறைச்சேன்னா சல்லிக்காசு கிடையாது. கேள்வி வரிசையா வந்துச்சு, இதைச் சரியா பாக்கல, மறந்துட்டேன். அவ்வளவுதான். சொல்லு பாப்போம்."

"மறந்துட்டேன்" என்றான் நோரிஸ், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"பேஷ்! இப்படியே சொல்லு. நீளமா பேசற ஆபத்து உனக்குக் கிடையாது."

தெல்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

போன் வந்தது. பேசியவன் சின்ன வயதுக்காரன், குரல் மரியாதையாக இருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். பிறகு, பாலிசி எடுக்கும்போது டாக்டர் கொடுத்த மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் போட்டிருக்கிறீர்கள், அது ஏன் என்று கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் அவனே வழி காட்டினான்.

"சில பேருக்கு அந்தப் பக்கத்துல கேள்வியெல்லாம் வேகமா போயிடும் சார். ஒருவேளை மறந்துட்டீங்களோ?"

கீத் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். நோரிஸ் கீத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தான். தெல்மா இப்போது திரும்பி நின்றிருந்தாள். கட்டிலில் கிடக்கும் புருஷனை, முதல்முறை பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றான் நோரிஸ். "மறக்கல."

"சார்?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒருநாள் தவறினதில்ல. எப்படி மறக்கும்? மறைச்சுத்தான் வச்சேன். என் சம்சாரத்துக்கே தெரியாது. அவ தொடாத இடமாப் பார்த்து வச்சேன்."

கீத் கண்களை மூடிக்கொண்டான். போனில் இருந்தவன் மெதுவாகக் கேட்டான்.

"ஏன் சார்னு கேக்கலாமா?"

 நோரிஸ் வலியில் பேசுகிறானா, வெட்கத்தில் பேசுகிறானா என்று தெரியவில்லை.

"மாத்திரை கொடுத்த அன்னைக்கு டாக்டர் சொன்னாரு, இது இல்லன்னா பக்கவாதம் வரலாம்னு. என் மாமனார் பக்கவாதத்துல அஞ்சு வருஷம் கிடந்தாரு. இவதான் பார்த்தா. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டா, அவருக்கு மூச்சு வருதான்னு காதை வச்சு வச்சுக் கேப்பா. இவகிட்டச் சொன்னா எனக்கும் அப்படிக் கேக்க ஆரம்பிச்சுடுவா. இன்சூரன்ஸுக்கு எழுதினா வீட்டுக்குத் தபால் வரும், அதையும் இவதான் பிரிப்பா. சைக்கிளையும் விடச் சொல்லிடுவாங்க." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அதெல்லாம் கூட இல்ல தம்பி. பயமா இருந்துச்சு. அவ்வளவுதான். ரொம்பப் பயமா இருந்துச்சு."

 போனில் இருந்தவன் நல்ல பிள்ளை, கடைசியாக ஒரு சந்தர்ப்பம் கொடுத்தான்.

"சார், நீங்க வேணும்னேதான் சொல்லாம விட்டீங்கன்னு நான் பதிவு பண்ணிட்டா அதுக்கப்புறம் மாத்த முடியாது. பாலிசி செல்லாதுன்னு ஆயிடும். மருந்து மயக்கத்துல இருக்கீங்க, வேணும்னா நாளைக்கு மறுபடி கூப்பிடறேன். வீட்டுல கலந்து பேசிட்டு..."

"ஆமா, ஆமா, நாளைக்கு" என்று கீத் பாய்ந்தான்.

தெல்மா அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு வந்து போனை எடுத்தாள். மற்றொரு கையால் நோரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள், குழாய் இருப்பதையும் பார்க்காமல் அழுத்திப் பிடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் அசையவில்லை.

"நான் அவர் சம்சாரம் பேசறேன். நாளைக்கெல்லாம் வேணாம் தம்பி. அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதிக்கோங்க. நாப்பத்தொரு வருஷமா இந்த மனுஷன் மனசுல என்ன இருக்குன்னு நான் நானாத்தான் யூகிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் வாயால சொல்லியிருக்காரு. அதைப் பொய்னு மாத்திச் சொல்லச் சொல்லி நான் கேக்க மாட்டேன். கொண்டுபோற செலவு எவ்வளவுன்னு சொல்லுங்க, நான் கட்டிக்கறேன்."

விடுமுறைக்கு இழுத்துப்போகும் கேரவன் வண்டியை விற்றார்கள், அது போதாமல் வங்கியில் கடனும் வாங்கினார்கள். விமானத்தில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் டாக்டர் உட்கார வேண்டிய இடத்தில் தெல்மா உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்து லீட்ஸில் போய் இறங்கும் வரைக்கும் அந்தக் கையை விடவே இல்லையாம்.